மிச்சம் வைக்கத் தெரியாதவள்

சண்முகப்ரியா மிஷனரியாகப் போகிறாள் என்று அவள் அம்மா சாந்தாமணி போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற விஷயமில்லை என்று உடனே தெரிந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஆனாலும் சிரிக்காமல் என்ன செய்வது? அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும், ஒய்டூகே, ஒய்டூகே என்று நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டரைத் தூரத்தில் நின்று பார்த்தவனையெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து, கையில் நல்ல வேலையும் வைத்திருந்த பெண், அதை விட்டுவிட்டு பசிபிக் கடலில் ஒரு தீவில் இரண்டு வருஷம் ஊழியம் செய்யப் போகிறாளாம்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"அமெரிக்கன் சமோவாவாமா. அதுலயும் பெரிய தீவு இல்லீங்க. அங்க எறங்கி, இன்னொரு குட்டி பிளேன்ல போகோணுமாமா" என்றாள் சாந்தாமணி. அவர்கள் பெருந்துறைப் பக்கம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. நான் ஷ்யாமளா, மெட்ராஸ். மான்மவுத் ஜங்ஷனில் என் வீடு.

என் பையனுடைய அட்லஸில் அந்தத் தீவைத் தேடினேன். ஈ உட்கார்ந்துவிட்டுப் போன தடம் மாதிரி ஒரு புள்ளி. பேருக்கு அமெரிக்கா, பக்கத்து ஊர் எடிசனுக்குக் கடிதம் போட ஒட்டுகிற அதே தபால்தலையை ஒட்டினால் அங்கேயும் போய்ச் சேரும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அந்தத் தீவுக்காரர்கள் நாலைந்து தலைமுறையாகவே கிறிஸ்தவர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறாளா இவள்? நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"நான் யாரையும் கன்வர்ட் பண்ணப் போகல ஆன்ட்டி. அங்க ஸ்கூல்ல டீச்சர் இல்ல. பாஸ்டருக்கு ஹெல்ப்புக்கு ஆள் இல்ல. கூப்பிட்டாங்க, போறேன்."

"எடிசன்ல டீச்சர் வேண்டாமாமா?"

"எடிசன்லருந்து என்னை யாரும் கூப்பிடல."

அவளுடைய பக்தி எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ஆனால் பெண்ணை எனக்குத் தெரியும். ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். நல்ல உயரம், பெரிய கைகள். எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவ நிற்பாள். போட்டதைத் துடைத்துச் சாப்பிடுவாள். "வளர்த்தா இப்படி வளர்க்கணும்" என்று ஆன்ட்டிமார்கள் நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி, தான் நல்ல பெண் என்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. அவளிடம் இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

வளர்த்தது அவள் அப்பா வெங்கடாசலம். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். குரல் உயராத மனிதர். ஆனால் எச்சில் பார்ப்பதில் அவரை மிஞ்ச இந்தக் கண்டத்தில் ஆள் இல்லை. அவருடைய எவர்சில்வர் டம்ளர் காரிலேயே இருக்கும். போகிற வீட்டுக்கெல்லாம் அதுவும் வரும். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். ருசி பார்த்த கரண்டியை மறுபடி குழம்பில் விட்டதைக் கண்டால் அன்றைக்கு அவருக்கு வயிறு சரியிருக்காது. ஆபீஸில் பிறந்தநாள் கேக்கை அவர் தொட்டதே இல்லை. "மெழுகுவத்திய ஊதறேன்னு எச்சி தெறிச்ச கேக்கை நாம திங்கோணுமாக்கும்" என்பார். சுத்தம் என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். வேறு பெயர்களும் உண்டு. சாந்தாமணியின் முகத்துக்காக நான் வாயை மூடிக்கொள்வேன்.

பெற்ற பெண்ணுக்கும் விலக்கில்லை. ப்ரியாவுக்கு ஆறு வயதிருக்கும்போது கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். குழந்தை ஆசையாகத் தன்னுடையதை நீட்டி, "நீங்க ஒரு வாய் சாப்டுங்கப்பா" என்றது. அவர் மறுபடி வரிசையில் போய் நின்று தனக்கென்று இன்னொன்று வாங்கி வந்தார். குழந்தையின் கை நீட்டியபடியே இருந்து, ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் மேல் அன்று வந்த கோபம் வெகு நாள் ஆறவில்லை.

வட்டிலில் மிச்சம் வைக்கக்கூடாது என்பதும் அவர் சட்டம்தான். "மிச்சம் வெச்சா அது எச்சி. அத அப்பறம் ஆரு தொடுவா?" அதனால் ப்ரியா ஒரு பருக்கை விடமாட்டாள்.

காலேஜில் படிக்கும்போது, தொண்ணூற்றாறில், அவள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். சாந்தாமணி அழுதாள். வெங்கடாசலம் அழவுமில்லை, கத்தவுமில்லை. "சாமி எந்தச் சாமியா இருந்தா என்னுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு மகளுடைய சர்ச்சுக்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். அதோடு எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அன்று திருவிருந்து. ஒரே கிண்ணம். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் வாய் வைத்துக் குடித்தார்கள். யாரோ ஒரு கிழவருக்கு அடுத்தபடி நின்று அவர் மகளும் குடித்தாள்.

வீட்டுக்கு வந்தவர் இரண்டு வார்த்தைதான் சொன்னாராம். "ஒரே டம்ளரு, சாந்தா." அத்தோடு மகளோடு பேச்சு நின்றது. அவள் உட்காரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் தீபாவளி, பொங்கல் எல்லாம். இப்போது அவள் சாப்பிட்டு எழுந்து, சாந்தாமணி மேஜையைத் துடைத்த பிறகு அவர் வந்து தனியாக உட்கார்ந்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் ஆன்ட்டி. அப்பா என்கூட உக்காந்து சாப்பிட்டா போதும்" என்றாள் ப்ரியா, கிளம்புவதற்கு முந்தின வாரம். போய் அந்த மனிதரை நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தது. கேட்கவில்லை.

அவள் கிளம்பிய காலையில் அவர் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்த இடத்தையே மறுபடியும் வெட்டினார். எங்கள் கார் தெருமுனை திரும்பும் வரை மிஷின் சத்தம் கேட்டது.

தீவிலிருந்து ப்ரியா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். தன் வீட்டுக்கு இல்லை, என் வீட்டுக்கு. அப்பா எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவாரோ என்ற பயம். சாந்தாமணி கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி, தலையில் பூ வைத்துக்கொண்டு, கார் ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஷ்யாமளாங்க வீட்டுக்குப் போறதுக்குப் பூ எதுக்கு?" என்றாராம் வெங்கடாசலம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். போகாதே என்று சொல்லவில்லை.

இப்படித்தான் அந்தத் தீவு வாழ்க்கை எங்களுக்குத் தெரிய வந்தது. காலையில் மணிச் சத்தத்தில் எழுந்திருக்க வேண்டும். மணி என்றால் பழைய காஸ் சிலிண்டர் ஒன்றைச் சர்ச்சுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். எழுந்து பாயைச் சுருட்டி, முற்றத்தில் விழுந்த, விரித்த கை மாதிரியான பெரிய இலைகளைப் பெருக்க வேண்டும். அங்கே கறிப்பலா மரம் வீட்டுக்கு வீடு. பிறகு பள்ளிக்கூடம்; இங்கிலீஷும் கணக்கும் அவள் பாடம். மத்தியானத்துக்கு மேல் பாஸ்டரின் மனைவியோடு வீடு வீடாகப் போவாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பைபிள் வாசிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஹவாயில் ராணுவத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதித் தருவது. பொழுது சாயும்போது மறுபடி மணி. அது அடித்துவிட்டால் தெருவில் ஒருவர் நடக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் ஜெபம். அது முடிந்துதான் சாப்பாடு.

"போர் அடிக்கலையாடி?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அடிக்குது ஆன்ட்டி. மழை பெஞ்சா பிளேன் வராது. போட் வராது. அதே பாட்டு, அதே தாரோ கிழங்கு. சில நாள் எதுக்கு வந்தோம்னு இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் மணி அடிச்சிருவாங்க" என்றாள். இந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். ஊழியம் என்று சொல்லிக்கொண்டு தேன் தடவிப் பேசமாட்டாள்.

தங்கியிருந்தது லூபே என்ற அம்மாளின் வீட்டில். புருஷன் மீன் பிடிப்பவர். நிறையக் குழந்தைகள், மூத்தவள் சினா, ப்ரியாவின் வகுப்பிலேயே படித்தாள். போன முதல் நாளே ப்ரியாவை அந்த ஊருக்குப் பிடித்துவிட்டது. சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியவர்களைப் பார்த்துக் காலை நீட்டவில்லை. உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிப் போகும்போது குனிந்து போனாள். கையால் சாப்பிட்டாள். லுங்கி மாதிரி அவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற துணியை யாரும் கற்றுக்கொடுக்காமலே சுற்றினாள். இதற்கு முன் வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதையெல்லாம் கற்க மாதக்கணக்கானதாம். "நம்ம வீட்டுப் பெண்தான்" என்று ஊரே சொன்னது. சாந்தாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுடும் பண்டத்துக்கு அங்கே பாலுசாமி என்று பேர் என்றதும், "அட, பெருந்துறையில எங்க மாமனுக்கும் அதே பேருதானுங்க" என்று என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ப்ரியா ஒரு தப்புச் செய்துகொண்டிருந்தாள். அது அவளுக்கே வெகு நாள் தெரியவில்லை.

ராத்திரி ஜெபம் முடிந்ததும் லூபே அவள் முன்னால் பாய் விரித்து, ஓலைத் தட்டில் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள். சுட்ட மீன், தாரோ, பாலுசாமி, பச்சை வாழைக்காய் வேகவைத்தது. வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டுவாள். அவள் சாப்பிடமாட்டாள். குழந்தைகள் சுவரில்லாத அந்தக் கூடத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊரிலும் விருந்தாளி சாப்பிடும்போது நின்று கவனிப்போம், அதுபோல என்று ப்ரியா நினைத்துக்கொண்டாள். வைத்ததை முழுக்கச் சாப்பிட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகம் வந்தது. அதையும் சாப்பிட்டாள். அதற்கடுத்த நாள் இரண்டு மீன். வயிறு வெடித்தாலும் சரி, நமக்கென்று சமைத்தவள் முகம் வாடக்கூடாது. அப்படியே மிச்சம் வைத்தாலும் அது எச்சில். அதை எடுத்துப் போடுகிற வேலையை அந்த அம்மாளுக்கு வைக்கலாமா? அப்பா சட்டம் ஏழு கடல் தாண்டியும் அவளை விடவில்லை.

"ஆன்ட்டி, தினமும் தட்டு பெருசாகுது. என் மேல அவ்ளோ பாசம்" என்று என்னிடம் சொன்னாள். நானும், "நன்னா சாப்பிடு" என்றேன். என் வாயில் அன்றைக்கு நல்ல வார்த்தை வேறெதுவும் வந்திருக்கக் கூடாதா?

ஒரு நாள் முடியவே இல்லை. ஒரு முழு மீனின் பாதியும் பாலுசாமியும் மீந்துவிட்டது. எச்சிலை இன்னொருவர் தொடவிடக் கூடாதென்று, தானே தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பன்றிகளுக்குக் கொட்டினாள். திரும்பி வந்தபோது லூபேயின் விசிறி நின்றிருந்தது. விளிம்பில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து இருட்டில் போய்விட்டன. லூபே, வயிறு சரியில்லையா என்று கேட்டாள்.

மறுநாள் வகுப்பில் இங்கிலீஷ் பாடம். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், உங்கள் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், எழுந்து சொல்லுங்கள் என்றாள். சினாவின் முறை வந்தது. நல்ல மாணவி, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தப்பில்லாமல் சொன்னாள். "டீச்சர் ஈட்ஸ் ஃபிஷ். ஐ ஈட் பனானா. த பிக் ஈட்ஸ் ஃபிஷ். ஐ ஈட் பனானா."

வகுப்பே சிரித்தது. சினாவும் சிரித்தாள். ப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் பாஸ்டரின் மனைவியிடம் ஓடினாள். அந்த அம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள். அந்த ஊர் வழக்கம் அதுதான். நல்ல பதார்த்தம் எல்லாம் முதலில் விருந்தாளிக்கு வரும். விருந்தாளி கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று தட்டைத் தள்ளுவார். மீதியைத்தான் வீட்டிலிருப்பவர்கள் பெரியவர், சிறியவர் என்று வரிசையாகச் சாப்பிடுவார்கள். மீன் அப்படித்தான் குழந்தைகளுக்குப் போகும். விருந்தாளி எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்பதில் இருக்கிறது அவருடைய அன்பு. ப்ரியா வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக் குழந்தைகள் வாழைக்காயையும் கிழங்கையும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கின்றன. தட்டு பெரிதாகிக்கொண்டே போனது பாசத்தில் இல்லை; இன்றைக்காவது மீதி வராதா என்றுதான்.

"ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?"

"குறைவாகச் சாப்பிடு என்று விருந்தாளியிடம் சொல்ல எங்களுக்கு வாய் வருமா? உங்கள் ஊரில் ஏதோ பஞ்சம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தோம். உங்கள் ஊருக்காக ஜெபம்கூடச் செய்தோம்."

இதை எங்களிடம் போனில் சொல்லும்போது ப்ரியா அழுதாள். "நான் ரொம்ப நல்ல பொண்ணுன்னு நெனச்சிட்டிருந்தேன் ஆன்ட்டி. குழந்தைங்க வாயிலருந்து புடுங்கித் தின்னிருக்கேன்."

அதற்குப் பிறகும் அவளுக்குச் சுலபமாக இல்லை. மிச்சம் வைக்க வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. தான் தொட்ட சாப்பாட்டை ஒரு குழந்தைக்குக் கொடுப்பதா? முதலில் ஒரு தந்திரம் செய்தாள். சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே தட்டில் ஒரு கோடு கிழித்த மாதிரி பிரித்து, இந்தப் பக்கம் தனக்கு, அந்தப் பக்கம் கையே படாமல் அவர்களுக்கு. லூபே விசிறிக்கொண்டே இதைச் சில நாள் பார்த்தாள். "என்ன, நிலம் அளக்கிறாயா? எங்களோடு பாகப்பிரிவினையா?" என்று கேட்டாள். அன்று தட்டு குழந்தைகளிடம் போனதும் சினா அந்தச் சுத்தமான பக்கத்தைத் தொடவே இல்லை. டீச்சர் கையால் பிய்த்துப் பாதி சாப்பிட்ட மீனைத்தான் முதலில் எடுத்தாள். எடுத்து, முள்ளைச் சப்பி, விரலையும் சப்பினாள். ப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும் என்கிட்ட அப்படி வாங்கிச் சாப்பிட்டதே இல்ல ஆன்ட்டி" என்றாள். கோடு கிழிப்பது அத்தோடு நின்றது.

சாந்தாமணி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எச்சியவா புள்ளைகளுக்குக் குடுத்தா? அவங்கப்பாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை.

மீதி நாட்கள் ஓடின. ப்ரியா புண்ணுக்குக் கட்டுப் போட்டாள், கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், சிலிண்டரை அடிக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. இரண்டாயிரம் பிறந்தபோது உலகத்திலேயே கடைசியாகப் புது வருஷம் வந்த ஊர்களில் அதுவும் ஒன்று. இங்கே விடிந்து, கம்ப்யூட்டர் எதுவும் நிற்கவில்லை என்று எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலையில் வெங்கடாசலம் டிவி முன்னால் உட்கார்ந்து, "அந்தப் பக்கமெல்லாம் கரண்ட் இருக்குதாமா?" என்று பொதுவாகக் கேட்டாராம். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று சாந்தாமணி கேட்கவில்லை. இருக்குது என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷம் நவம்பரில் ப்ரியா திரும்பி வந்தாள். நானும் சாந்தாமணியும்தான் ஏர்போர்ட்டுக்குப் போனோம். கறுத்து, இளைத்து, கையில் ஒரு ஓலை விசிறியோடு வெளியே வந்தாள், லூபே கொடுத்தனுப்பியது. வீட்டில் வெங்கடாசலம் கதவைத் திறந்தார். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். மாடிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். பெட்டியை வாங்கினாரே என்று சாந்தாமணி சந்தோஷப்பட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சாந்தாமணி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, கோழி வறுத்து, மகளுக்கென்று மீனும் பொரித்திருந்தாள். மேஜையில் இரண்டு வட்டில், ப்ரியாவுக்கும் எனக்கும். பக்கத்து ஹாலில் வெங்கடாசலம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை காலியான பிறகு வருவார்.

ப்ரியா சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். ரசித்துத்தான் சாப்பிட்டாள். பாதி ஆனதும் கையை நிறுத்தி, வட்டிலை லேசாகத் தள்ளி வைத்தாள். பிசைந்த சோறு பாதிக்கு மேல். ஒரு ஓரம் பிய்த்த மீன். தொடாத கோழிக்கால்.

சாந்தாமணியின் முகம் விழுந்துவிட்டது. "ஏங் கண்ணு? என்ற சமையலு புடிக்கிலயா? அங்க தின்னு தின்னு எல்லாம் மறந்து போச்சா?"

ப்ரியா வட்டிலைப் பார்த்தாள். தான் செய்ததை அப்போதுதான் கண்டாள். "ஐயோ, இல்லம்மா. ஐ டிட்ன்ட் ஈவன் நோட்டீஸ். அங்க பழகிடுச்சு." அப்புறம் தயங்கித் தயங்கி, எங்களுக்குத் தெரிந்த அந்தக் கதையையே மறுபடி சொன்னாள். தட்டு பெரிதானது, பன்றிக்குக் கொட்டியது, சினா எழுந்து நின்று சொன்னது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹாலில் டிவி சத்தம் நின்றது. நான் கவனித்தேன், அவர்கள் கவனிக்கவில்லை. "பெஸ்ட்டு எதுவோ அதை மிச்சம் வைக்கணும்மா. பின்னாடி யாராவது வருவாங்க. அவங்களுக்குத்தான். இங்க யாரு வரப்போறாங்க? மறந்துட்டேன். ஸாரிம்மா" என்றாள்.

எழுந்து கை கழுவப் போனாள். சாந்தாமணி வட்டிலை எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பினாள். என்னதான் மகளுடையதானாலும் எச்சில் சோறு. அந்த வீட்டில் அது போகிற இடம் அதுதான்.

"சாந்தா. அதக் கீழ வெய்யி."

வெங்கடாசலம் ஹால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வந்து, ப்ரியா எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். சாந்தாமணி வட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டாள். "வேற வட்டல் கொண்டாறனுங்க" என்றாள்.

"இதான் இருக்குதல்ல."

அவள் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் கேக்கைத் தொடாத மனிதர், ஐஸ்கிரீமுக்கு மறுபடி வரிசையில் நின்ற மனிதர். அந்தக் கை சோற்றுக்குப் போக எவ்வளவு கஷ்டப்பட்டது என்று நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருஷமாக அவர் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மகள் பிசைந்து விட்டிருந்த சோற்றில் ஒரு பிடி எடுத்தார். வாயில் வைத்தார். மென்றார். அடுத்த பிடி எடுத்தார்.

குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ப்ரியா ஈரக் கையோடு நின்றாள். பிறகு குழாயை மூடிவிட்டு, ஜன்னலோரம் வைத்திருந்த ஓலை விசிறியை எடுத்து வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, வட்டிலுக்கு மேல் மெல்ல வீச ஆரம்பித்தாள். நியூ ஜெர்சியில் நவம்பரில் ஈ ஏது? அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிய்த்த மீனைத் தின்றார். கோழிக்காலைத் தின்றார். ஒரு பருக்கை விடாமல் வழித்தார். சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் என் வட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கையை உதறாமல், எழுந்திருக்காமல், வெங்கடாசலம் மகளை நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு.

"நாளைக்கு இன்னுங் கொஞ்சம் சேத்தி மிச்சம் வெய்யி, அம்மிணி. எனக்குப் பத்துல."